ஷண்டர்ஸ், போத்தனூர்

அறுபத்து நாலு கிறிஸ்துமஸுக்கு
ரயில்வே இன்ஸ்டிட்யூட் மரமேடையில்
நாலு பேர் ஏறினோம்.
டெஸ்மண்ட் பாட்டு, ட்ரெவர் லீட் கிதார்,
நாச்சிமுத்து டிரம்ஸ், நான் பேஸ்.
என் நாலு கம்பியில் ஒன்று
சைக்கிள் பிரேக் ஒயர்.
ஒரே துணியில் நாலு கோட்டு,
நாலும் ட்ரெவரின் அளவு.

பெயர் வைத்தது அவன் அப்பா.
யார்டில் பெட்டி கோர்க்கிறவர்.
"முன்னால போறீங்க, பின்னால வர்றீங்க,
ஊர் போய்ச் சேர்றதில்லை.
ஷண்டர்ஸ்னு வெச்சுக்குங்கடா."

மெட்ராஸில் ஒரு தட்டு போட்டோம், அறுபத்தேழில்.
'ரெண்டாவது சிக்னல்' ஒரு பக்கம்.
மறுபக்கத்தின் பெயர்
எனக்கே மறந்துவிட்டது.
ரெண்டாவது சரணத்தில்
நாச்சிமுத்துவுக்குத் தும்மல்.
அடி விழ அரைத் தாளம் பிந்தியது.
இன்னொரு டேக்குக்குக் காசில்லை.
தும்மல் கேட்காது, பிந்தினது கேட்கும்.
முந்நூறு தட்டில் விற்றது போக
மிச்சம் ட்ரெவர் கட்டிலுக்கடியில்
சித்திரை வெக்கையில் அப்பளமானது.

வால்பாறை எஸ்டேட் கிளப்புக்குப் போவோம்.
நாற்பது வளைவிலும் வாந்தியெடுத்து
நேராக மேடையேறி
ட்விஸ்ட் வாசிப்போம்.
கணுக்காலில் அட்டை தொங்கும்,
துரைசானிகள் கைதட்டுவார்கள்,
கடைசி பஸ் போயிருக்கும்.

எழுபத்திரண்டில் டெஸ்மண்ட் பெர்த்துக்குப் போனான்.
கங்காரு படம் போட்ட அட்டை ஒன்று வந்தது,
அதிலும் பாதி இடம் முகவரி.
கருமத்தம்பட்டி கொயரிலிருந்து
ஆரோக்கியத்தைப் பிடித்தோம்.
இங்கிலீஷ் பாட்டில்
'ல' எல்லாம் 'ள' ஆயிற்று,
ஆனால் சுதி சுத்தம்.
ட்ரெவரை ஜோலார்பேட்டைக்கு மாற்றினார்கள்.
மோட்டார் கம்பெனி சென்னியப்பன் வந்தார்,
வெல்டிங் வடு விரலோடு.
அப்புறம் நோம்பிகள், கல்யாணங்கள்,
பனியன் கம்பெனி ஆண்டு விழாக்கள்.
"ஏனுங்க, அந்த ரயில் பாட்டு போடுங்க"
என்று ஒருத்தராவது கேட்காமல்
ஒரு ராத்திரியும் முடிந்ததில்லை.

எண்பத்தெட்டில் கனகசபாபதி
கீபோர்டோடு ஒரு ரிதம் பெட்டியும் கொண்டுவந்தான்.
"பொட்டி தும்மாதுங்க" என்றான்.
நாச்சிமுத்து ஸ்டிக்கை அக்குளில் சொருகிக்கொண்டு
சிங்காநல்லூர் பஸ் ஏறினான்.

ஆறு வருசத்தில் கனகசபாபதியும் பிரிந்தான்.
திருப்பூரில் அவன் போர்டு: ஒரிஜினல் ஷண்டர்ஸ்.
எங்கள் போர்டில் இருந்தது வெறும் ஷண்டர்ஸ்.
கோயமுத்தூர் கோர்ட்டில் கேட்டார்கள்:
முதல் நாலு பேரில் இந்தப் பக்கம் யார்?
நான் கை தூக்கினேன்.
அந்தப் பக்கம்?
பின்வரிசையில் நாச்சிமுத்து எழுந்தான்.
ஒரு கஞ்சிராவைக் கொடுத்து
மேடை ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்,
'ஒரிஜினல்' என்ற வார்த்தைக்காக.
வாய்தா போட்டபின்
கேன்டீன் பெஞ்சில் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றோம்.
வழக்கைப் பற்றிப் பேசவில்லை.
சர்க்கரை எனக்கா அவனுக்கா அதிகம்
என்று பேசினோம்.

தீர்ப்பு வருமுன் அவன் போய்விட்டான்.
தீர்ப்பும் வரவில்லை.

போன மாசி, கோபி பக்கம் ஒரு நோம்பி.
அவர்களுடைய பேஸ்காரனுக்கு டெங்கு.
கனகசபாபதி மகன் போன் பண்ணினான்,
தயங்கித் தயங்கி.
போனேன்.
மேடையில் ஒருத்தரையும் தெரியாது.
டிரம்ஸில் பெருந்துறைப் பையன்,
இருபத்திரண்டு இருக்கும், காதில் கடுக்கன்.
ரயில் பாட்டு கேட்டார்கள்.
முதல் சரணம் போயிற்று.
ரெண்டாவதில் நான் சரியாக இறங்கினேன்,
தனியாக.
அரைத் தாளம் கழித்து அவன் வந்தான்.
மொத்தக் குழுவும் அவனோடு வந்தது.

இறங்கியதும் கேட்டேன்.
"பாட்டே அப்படித்தானுங்க ஐயா.
நீங்கதான் முந்திட்டீங்க.
பரவாயில்லைங்க, யாரும் கவனிக்கலை."

தும்மல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் சிம்பலைக் கழற்றி
துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்,
குழந்தைக்குத் தலை துவட்டுவது மாதிரி.

மூவாயிரமும் பஸ் சார்ஜும்.
கவர் மேலே ஷண்டர்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தது.
ஈரோடு தாண்டுகிறவரை
தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
பிந்தி இறங்குவது
அவ்வளவு சுலபமில்லை.